வேகத்தில் தவறும் தீப்பொறி

(மூன்றாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

விஞ்ஞானம் ஆய்வுக்கூடத்தின் நான்கு சுவர்களுக்குள் அடங்கிக் கிடப்பதன்று. தெருமுனைப் பட்டறையிலும் அதற்கு வேலை உண்டு. விடுமுறையில் என் மாமாவின் மோட்டார் பட்டறையில் உதவிக்கு நிற்பவன் நான். பத்மினி, அம்பாசடர் போன்ற பழைய பெட்ரோல் கார்களை இன்றும் பேணி வருவோர் அங்கே சொல்லும் குறை ஒன்று உண்டு: "மெதுவாகப் போனால் நன்றாக ஓடுகிறது; வேகம் கூட்டினால் மிஸ் அடிக்கிறது. நல்ல காயிலாகப் பார்த்து மாற்றிவிடுங்கள்." லாரியை முந்தும்போது என்ஜின் தடுமாறினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே நல்ல காயில் எது என்பது ஆராயத்தக்க கேள்வியே.

ஃபாரடே 1831இல் கண்ட மின்தூண்டலே இதற்கு அடிப்படை. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலின் முதன்மைச் சுருளில் மின்னோட்டம் வளர்ந்து, காந்த ஆற்றலாகச் சேர்கிறது. பாயிண்ட் திறந்ததும் காந்தப்புலம் சரிய, துணைச் சுருளில் எழும் பல்லாயிரம் வோல்ட் பிளக்கில் பொறியாகிறது. ஆனால் சுருளில் மின்னோட்டம் உடனே முழு அளவை எட்டுவதில்லை. மின்தூண்டல் எண்ணை மின்தடையால் வகுத்தால் வரும் கால மாறிலியே அதன் வளர்ச்சியை அளக்கிறது.

ஓர் உதாரணம் கொள்வோம். மின்கலம் 12 வோல்ட். காயில் 3 ஓம், 9 மில்லி ஹென்றி. கால மாறிலி 3 மில்லி விநாடி. முழு மின்னோட்டம் 4 ஆம்பியர். அப்போது சேரும் ஆற்றல் 72 மில்லி ஜூல். நான்கு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றும்போது, ஒவ்வொரு பொறிக்கும் முன் பாயிண்ட் சுமார் 20 மில்லி விநாடி மூடியிருக்கும். அது தாராளமான நேரம். 5000 சுற்றில் கிடைப்பதோ 4 மில்லி விநாடிதான்! மின்னோட்டம் 2.95 ஆம்பியரோடு நின்றுவிடும். ஆற்றல் 39 மில்லி ஜூலாகச் சுருங்கும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்திருக்கையில் சிலிண்டரில் அழுத்தமும் கூடுவதால், பொறி தாவ அதிக வோல்ட் தேவைப்படும். வரவு குறையும் வேளையில் செலவு கூடுகிறது, பொறி தவறுகிறது.

அப்படியானால் தூண்டல் எண் குறைந்த காயில் போதுமா? மொத்த மின்தடையை 3 ஓமாகவே வைத்துத் தூண்டல் எண்ணை மட்டும் 4.5 ஆக்கிப் பார்த்தேன். மின்னோட்டம் 3.72 ஆம்பியராக உயர்ந்தது. ஆற்றலோ 31 மில்லி ஜூலாகக் குறைந்தது! மின்தடையையும் 1.5 ஓமாகக் குறைத்தால்தான் ஆற்றல் 78 மில்லி ஜூலாகிறது. ஆனால் அந்தக் காயில் மெதுவான ஓட்டத்தில் 8 ஆம்பியர் இழுக்கும். பாயிண்ட் தாங்குவது ஏறக்குறைய 4 ஆம்பியர். அது கருகிவிடும், காயிலும் கொதிக்கும். எனவே இத்தகைய காயில், மின்னோட்டத்துக்கு வரம்பு கட்டும் எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்கே உரியது. 'பாலஸ்ட் மின்தடையுடன் பயன்படுத்துக' என்று குறித்த காயிலை அந்த மின்தடையின்றிப் பாயிண்ட் வண்டியில் பொருத்துவதும் இதே தீங்கைத் தரும்.

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிடப்படும் '40,000 வோல்ட்' கண்டு மயங்க வேண்டியதில்லை. பிளக் இடைவெளியைத் தாவ எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் வோல்ட் ஏறும். ஓம் அளவும், அந்தக் காயில் எந்த வகை இக்னிஷனுக்கு ஏற்றது என்பதுமே பார்க்க வேண்டியவை.

காயில் வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகளும் உண்டு. இரண்டு காயில் மாற்றியும் குறை தீராத பத்மினி ஒன்று பட்டறைக்கு வந்தது. பாயிண்ட் இடைவெளி அளவுக்கு மீறி அகன்றிருந்தது. இடைவெளி அகன்றால் பாயிண்ட் மூடியிருக்கும் நேரம் குறையும். 4 மில்லி விநாடி 3 ஆனாலே 39 மில்லி ஜூல் 29 ஆகிவிடும். மாமா இடைவெளியைச் சரிசெய்தார்; மிஸ் நின்றது. செலவு ஒரு பைசாவும் இல்லை. பாயிண்டின் தளர்ந்த ஸ்பிரிங், பழுதான கண்டன்சர், வெடித்த பிளக் வயர், அகன்ற பிளக் இடைவெளி, காயிலுக்கு வந்து சேராத 12 வோல்ட், பெட்ரோல் தட்டுப்பாடு ஆகிய அனைத்தும் இதே குறையைக் காட்டும்.

தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் கால மாறிலி, ஒருவருடைய பணத்தையும் நெடுஞ்சாலையில் அவர் உயிரையும் காக்க வல்லது. நண்பர்களே, பாடத்தைப் பட்டறைக்கும் கொண்டு செல்வோம்!