தனக்குத் தானே மதிப்பெண் போடும் கோடெக்குகள்

பழைய வீடியோ ஒன்றைத் திறந்தால் சத்தம் மட்டும் கேட்கிறது, திரை பச்சையாக நிற்கிறது. சில கணினிகளில் படம் தலைகீழாக ஓடும். விண்டோஸ் 7 காலத்துக் கணினிகளில் வீடியோக்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தாலே, ‘காம் சரோகேட்’ நின்றுபோனது என்று ஓர் அறிவிப்பு வரும். எந்த ஃபைலையும் நாம் தொட்டிருக்கக்கூட மாட்டோம். சிறுபடம் காட்டுவதற்காக விண்டோஸே பின்னணியில் ஒரு கோடெக்கை, அதாவது வீடியோவைச் சுருக்கி விரிக்கும் மென்பொருளை, எழுப்பியிருக்கும்; அது விழுந்திருக்கும். ஃபைல் கெட்டுவிட்டது என்று அழித்துவிடுகிறவர்கள் உண்டு. பல நேரம் ஃபைலில் குறையே இருக்காது. எப்போதோ ஏற்றிவைத்த கோடெக்குகள்தான் மோதிக்கொள்கின்றன.

கோடெக் என்ன சுமையைச் சுமக்கிறது என்பதை ஒரு பெருக்கல் கணக்கில் பார்த்துவிடலாம். 1920-க்கு 1080 அளவுள்ள ஒரு ஃபிரேமில் 20 லட்சத்துக்கும் மேல் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட், நொடிக்கு 24 ஃபிரேம் என்றால், இரண்டு மணி நேரப் படம் ஒரு டெராபைட்டைத் தாண்டிவிடும். அதே படம் 2 ஜிபி ஃபைலாக பென்டிரைவில் வந்து சேர்கிறது. ஐந்நூறில் ஒரு பங்கு!

இந்தச் சுருக்கத்துக்கு அடித்தளம் போட்டது 1974 ஜனவரியில் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை. எழுதியவர்கள் மூவர்: பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அவரிடம் ஆய்வு மாணவராக இருந்த டி. நடராஜன், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து டெக்சாஸில் பேராசிரியரான கே. ஆர். ராவ். 1972-இல் இந்த ஆராய்ச்சிக்கு அகமது அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். யோசனை ரொம்ப எளிதாக இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அந்த எளிமைதான் எனக்கு இன்றும் வியப்பு. படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட சதுரங்களாக வெட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு சதுரத்தையும் 64 கொசைன் அலை வடிவங்களின் கூட்டலாக எழுதுகிறார்கள். வானமோ வெள்ளைச் சுவரோ என்றால் முதல் சில வடிவங்களிலேயே படம் ஏறக்குறைய முழுதாக வந்துவிடும்; மற்ற வடிவங்களின் அளவைச் சொல்லும் எண்களெல்லாம் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். மிக நுண்ணிய வடிவங்களில் நம் கண் அவ்வளவு கறார் இல்லை. அதனால் அவற்றைப் பூஜ்யமாக்கினாலும் குறை தெரிவதில்லை. வீடியோவில் இன்னொரு சிக்கனமும் உண்டு: அடுத்த ஃபிரேமை முழுதாக எழுதாமல், எந்தத் துண்டு எங்கே நகர்ந்தது என்று மட்டும் குறித்துக்கொள்வது. ஜேபெக் புகைப்படத்திலிருந்து ஹெச்.264 வீடியோ வரை எல்லாம் அந்தக் கட்டுரையின் வம்சம்.

சுருக்கியதை விரிக்க, கோடெக்கின் விரிக்கும் பாதியான டிகோடர் வேண்டும். எது வேண்டும் என்பது ஃபைல் பெயரின் வாலைப் பார்த்தால் தெரியாது. ஏவிஐ, எம்கேவி, எம்பி4 எல்லாம் எவர்சில்வர் தூக்கு மாதிரி. உள்ளே சாம்பாரா ரசமா என்று திறந்தால்தான் தெரியும். திறந்து பார்த்து ஆள் தேடுகிற வேலையை விண்டோஸில் நெடுங்காலமாகச் செய்துவந்தது டைரக்ட்ஷோ. ஒரே வேலைக்கு நான்கு டிகோடர்கள் இருந்தால் யாரைக் கூப்பிடுவது? ஒவ்வொன்றும் விண்டோஸின் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் பதிவாகும்போது ‘மெரிட்’ என்று ஓர் எண்ணையும் எழுதிவைக்கும். சாதாரண எண் 62,91,456. முன்னுரிமை கோருவது 83,88,608. 20,97,152-ஐத் தாண்டாதவற்றை டைரக்ட்ஷோ கண்டுகொள்ளாது. பெரிய எண்ணுக்கே முதல் வாய்ப்பு. அந்த எண்ணைப் போடுவது யார்? டிகோடரை எழுதியவரேதான். ஓட்டைக் கோடெக்கும் தனக்கு முதலிடம் எழுதிக்கொள்ளலாம், தடுக்க ஆளில்லை. விண்டோஸ் 7 முதல் சில வடிவங்களுக்கு மைக்ரோசாஃப்ட் தன் டிகோடர்களை முன்னால் நிறுத்திக்கொண்டது. அப்போதும் போட்டி முழுதாக ஓயவில்லை.

ஆகவே கோடெக்குகளைச் சுத்தம் செய்வது டிஸ்கில் இடம் மிச்சப்படுத்த அல்ல. அவை பிடிக்கும் இடம் சொற்பம். ரெஜிஸ்ட்ரியில் உட்கார்ந்திருக்கும் அந்த எண்களைக் கலைப்பதே நோக்கம். இதனால்தான் ஃபைலை மட்டும் டெலீட் செய்தால் சிக்கல் கூடுகிறது: கோடெக்கின் டிஎல்எல் ஃபைல் போய்விடும், பதிவும் மெரிட்டும் அப்படியே இருக்கும், விண்டோஸ் இல்லாத ஆளைத் தேடிப் போகும். முதலில் ஒரு ரெஸ்டோர் பாயின்ட் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கண்ட்ரோல் பேனலில் கோடெக் பேக்குகளை முறையாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். உதிரியாக ஒட்டியிருப்பவற்றைக் காண நிர்சாஃப்டின் ‘இன்ஸ்டால்டு கோடெக்’ என்ற இலவசக் கருவி உதவும். எந்த நிறுவனத்தின் கோடெக் எது என்று பட்டியலிடும். மைக்ரோசாஃப்ட் பெயர் உள்ளவற்றைத் தொட வேண்டாம். சந்தேகமானதை முதலில் முடக்கி வைத்துச் சில நாள் பாருங்கள், எதுவும் கெடவில்லை என்றால் நீக்கலாம். 64 பிட் விண்டோஸில் 32 பிட்டுக்குத் தனிப் பதிவு உண்டு. ஒன்றைத் துடைத்துவிட்டு மற்றதை மறப்பது சகஜம்.

பாதுகாப்புக்கும் இது அவசியம். முன்பின் தெரியாதவர் அனுப்பிய ஃபைலை முதலில் பிரித்துப் படிப்பது கோடெக்தானே. 2009 டிசம்பரில் இண்டியோ என்ற பழைய கோடெக், எக்ஸ்பி கணினிகளில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வழியாகவும் மீடியா பிளேயர் வழியாகவும் இயங்காதபடி மைக்ரோசாஃப்டே தடுத்தது.

எல்லாம் நீக்கியபின் ஏதோ ஒரு பழைய ஏவிஐ ஓட மறுத்தால் மறுபடி கோடெக் பேக் தேடி அலைய வேண்டாம். விஎல்சி போதும். அது தன் டிகோடர்களைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது, டைரக்ட்ஷோவின் வரிசையில் போய் எண் எதுவும் எழுதுவதில்லை.