போக இரண்டரை மணி, வர ஐந்தரை மணியா?

போடிநாயக்கனூரில் எங்கள் மாணவர்களின் பெற்றோரில் பலர் தினமும் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். சிலருடைய அப்பாக்கள் வளைகுடா நாடுகளில் வேலை செய்கிறார்கள். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஊருக்கு வரவிருந்த அப்பாவின் விமானப் பயண நேரங்களைத் தாளில் எழுதிக்கொண்டு வந்தாள்.

“சார், மதுரையில் பகல் 12 மணிக்குக் கிளம்பினால் துபாய்க்கு 2.30. அங்கே காலை 10 மணிக்குக் கிளம்பினால் மதுரைக்கு 3.30. திரும்பி வர மட்டும் ஏன் இவ்வளவு நேரம்?”

நான் வாய் திறப்பதற்குள் ஒரு மாணவன் சொன்னான்: “போடிமெட்டுக்கு ஜீப் ஏற நேரமாகும், இறங்கச் சீக்கிரம். அதே மாதிரிதான்.” விடை தவறு. ஆனால் தன் ஊரை வைத்து யோசித்த விடை. அதை ஒதுக்காமல் பாடத்துக்குள் சேர்த்துக்கொண்டேன். தூரம், கடிகாரம், வேகம் மூன்றும் குழம்பிக் கிடப்பதுதான் சிக்கல். மூன்றையும் தனித்தனியே பிரித்தோம்.

கடிகாரம்

இந்தியத் திட்ட நேரம் 82½° கிழக்குத் தீர்க்கக்கோட்டை ஒட்டியது. துபாயின் நேரம் 60° கிழக்கை ஒட்டியது. வேறுபாடு 22½°. பூமி 360° சுழல 24 மணி நேரம்; ஆக ஒரு பாகைக்கு 4 நிமிடம். 22½ × 4 = 90 நிமிடம். துபாய்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது.

போகும்போது: 2½ + 1½ = 4 மணி.
வரும்போது: 5½ − 1½ = 4 மணி.

தூரம்

புவிமாதிரியின் நிலநடுக்கோட்டைச் சுற்றி நூலை வைத்து அளக்கச் சொன்னேன். அந்தச் சுற்றளவு உண்மையில் ஏறத்தாழ 40,000 கி.மீ. நூல் 100 செ.மீ. இருந்தால், 1 செ.மீ. என்பது 400 கி.மீ. பிறகு மதுரைக்கும் துபாய்க்கும் நடுவே நூலை இறுக்கிப் பிடித்தால் ஏறத்தாழ 7½ செ.மீ. வரும். அதாவது சுமார் 3,000 கி.மீ. உருண்டைமேல் இறுக்கிப் பிடித்த நூலே மிகக் குறுகிய வழி. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். வானத்தில் அப்படி வளைந்து ஏற வேண்டியதில்லை. போனாலும் வந்தாலும் தூரம் ஏறத்தாழ ஒன்றுதான்.

வேகம்

3,000 ÷ 4 = 750. மணிக்கு 750 கி.மீ. என்பது சராசரி. உயரத்தில் விமானம் 800 கி.மீ.க்கு மேல் பறக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறையும். இங்கேதான் அந்த மாணவனின் ஜீப் உதவியது. எதிர்க்காற்று மேட்டில் ஏறுவது போல; பின்காற்று இறக்கம் போல. இந்தப் பயணத்தில் காற்றால் வரும் வேறுபாடு நிமிடக் கணக்கில்தான் இருக்கும். மூன்று மணி நேரம் ஆகாது.

உங்கள் வகுப்பில்

ஆறாம் வகுப்புப் புவிமாதிரிப் பாடத்தோடு இதை இணைக்கலாம். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட 2½ மணி முன்னால். சென்னையிலிருந்து பறக்க ஏறத்தாழ 4 மணி நேரம் என்றால், பயணச்சீட்டில் உள்ள நேரங்களைக் கழித்தால் போக எவ்வளவு, வர எவ்வளவு வரும்? (விடை: 6½, 1½.) இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் மீண்டும் 4 கிடைப்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.

அந்த மாணவி தன் தாளில் ஐந்தரையை அடித்துவிட்டு நான்கு என்று எழுதினாள். “அப்போ அப்பா நாலு மணி நேரம்தான் வானத்தில் இருப்பார்” என்றாள். தீர்க்கக்கோடு அவளுக்கு அன்றுதான் பயன்பட்டது.