ஒரு மாதச் சிக்கனமும் ஒரு கொப்பிக் கணக்கும்

ஹல்துமுல்லையில் எங்கள் வாப்பாவுக்கு ஒரு சில்லறைக்கடை இருக்கிறது. கடையில் எப்போதும் இரண்டு கொப்பிகள் இருக்கும். ஒன்று கொள்முதல் கொப்பி. மற்றது கடன் கொப்பி. கடந்த ஒக்டோபர் மாதம் நான் மூன்றாவதாக ஒரு கொப்பியை ஆரம்பித்தேன். அது என் சொந்தச் செலவுக் கொப்பி. ஒரு மாதம் முழுவதும் என் செலவுக்கு ஓர் எல்லை வைத்து, எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பதே நோக்கம். அந்த மாதத்தில் நான் கற்றவற்றை, தவறிய இடங்களையும் சேர்த்து, தோழியரோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

இந்த எண்ணம் சும்மா வந்ததல்ல. 2022 ஆம் ஆண்டை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ரூபா வரை சென்றது. அவ்வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருள்களுக்கு மட்டும் 94.9 வீதம். அதாவது, முந்திய வருடம் 1,000 ரூபாவுக்கு வாங்கிய உணவுப் பொருளுக்கு ஏறத்தாழ 1,950 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. வாப்பா ஒரு மூடை சீனியை விற்ற காசைக் கொண்டுபோனால், அடுத்த தடவை அரை மூடையைத் தாண்டி வாங்குவதே கஷ்டமாக இருந்தது.

அப்போது நான் பத்தாம் தரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ராத்தா பண்டாரவளையில் ஒரு கணினிப் பயிற்சி நெறியைத் தொடர்ந்துகொண்டிருந்தார். மாதக் கட்டணம் 3,000 ரூபா. ஒரு மாதம் அந்தக் காசு வீட்டில் இருக்கவில்லை. "அடுத்த மாதம் பார்ப்போம்" என்றார் வாப்பா. அடுத்த மாதம் வரவேயில்லை. ராத்தா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் புத்தகங்களை அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். நாட்டின் நெருக்கடியை எங்கள் வீட்டால் தடுத்திருக்க முடியாது. ஆனால் அந்த ஒரு மாதத்தைத் தாண்ட ஒரு சிறிய கையிருப்பு இருந்திருந்தால் ராத்தாவின் படிப்பு நின்றிருக்காது. சேமிப்பு என்றால் பணக்காரராவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒரு கெட்ட மாதத்தைத் தாண்டிப் போவதற்கான கைப்பிடி அது என்று பிறகுதான் விளங்கியது.

முதலில் செய்ய வேண்டியது குறைப்பதல்ல, எழுதுவது. இதை நான் கற்றுக்கொண்டது ஜப்பானின் ஹனி மோட்டோகோவிடமிருந்து. அந்நாட்டின் முதலாவது பெண் பத்திரிகையாளராகக் கருதப்படும் அவர், 1904 இல் குடும்பப் பெண்களுக்காக ஒரு கணக்குக் கொப்பியை அறிமுகப்படுத்தினார். வீட்டுக் கணக்கேடு என்று பொருள்படும் 'ககெய்போ' என்ற பெயரில் அந்த முறை இன்றும் கையாளப்படுகிறது. கையில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு மிச்சம் பிடிக்க விரும்புகிறோம், எவ்வளவு செலவழிக்கிறோம், அடுத்த மாதம் எதைத் திருத்தலாம் என்ற நான்கு கேள்விகள்தாம் அதன் அடிப்படை. செலவுகளைத் தேவை, ஆசை, அறிவும் பண்பாடும், எதிர்பாராதது என நான்காகப் பிரித்து எழுத வேண்டும்.

ஆகவே செப்டெம்பர் மாதம் எதையும் குறைக்காமல், செலவழித்ததை மட்டும் எழுதிக்கொண்டு வந்தேன். மாத முடிவில் 4,000 ரூபா வரும் என்பது என் மதிப்பீடு. வந்ததோ 7,460 ரூபா. சிற்றுண்டிக்கு 2,350. தொலைபேசி ரீலோட்டுக்கு 1,250. கொப்பி, பேனா, போட்டோப்பிரதிக்கு 1,130. ஷோல், ஊசி முதலிய அலங்காரப் பொருள்களுக்கு 1,250. தனியார் பஸ்ஸுக்கு 1,480.

கடைசித் தொகைதான் என்னை வெட்கப்பட வைத்தது. இ.போ.ச. பஸ்ஸில் செல்ல என்னிடம் மாணவர் சீசன் டிக்கட் இருக்கிறது. அதற்குரிய காசை மாத ஆரம்பத்திலேயே கட்டியாயிற்று. ஆனால் தனியார் பஸ்ஸில் அது செல்லாது. பத்து நிமிடம் காத்திருக்கப் பொறுமையில்லாமல், முதலில் வந்த பஸ்ஸில் ஏறி, ஒரே பயணத்துக்கு இரண்டு தடவை காசு கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் பார்த்தால் அது சில்லறைதான். மாதத்தில் பார்த்தால், ராத்தாவின் அன்றைய கட்டணத்தில் ஏறத்தாழப் பாதி.

ஒக்டோபர் முதலாம் திகதி மூன்று விதிகளை எழுதினேன். ஒன்று, மாதச் செலவு 3,000 ரூபாவைத் தாண்டக் கூடாது. இரண்டு, செலவழித்ததை அன்றைக்கே எழுத வேண்டும். மூன்று, ஆசைப்பட்ட பொருளை உடனே வாங்காமல் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்து, குறைந்தது ஒரு கிழமை பொறுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கொடுக்கும் ஸதகாவை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கவுமில்லை, குறைக்கவுமில்லை. வீண்விரயத்தைத் தடுக்கும் நம் மார்க்கம் கஞ்சத்தனத்தையும் தடுக்கிறது. பிறருக்குரியதைப் பிடித்து வைத்துச் சேர்ப்பதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது.

முதற் கிழமை மிகவும் இலகுவாகப் போனது. அதற்குக் காரணம் என் மனவுறுதி என்று நினைத்தேன். கொப்பியை மீண்டும் வாசித்தபோதுதான், மூன்று நாட்கள் தோழி ஒருத்தி வாங்கித் தந்த ரோல்ஸைச் சாப்பிட்டிருப்பது தெரிந்தது. என் செலவு குறையவில்லை. அவளுடைய பையுக்கு மாறியிருந்தது. இரண்டாம் கிழமை அவளுக்கு வாங்கிக் கொடுத்துக் கணக்கை நேராக்கினேன்.

மூன்றாம் கிழமை பின்னேரங்களில் இடியும் மழையும். ஒக்டோபரில் எங்கள் மலைப்பக்கம் அப்படித்தான். காற்றில் குடை முறிந்து, புதுக்குடைக்கு 1,450 ரூபா போனது. அன்றே எல்லை உடைந்துவிடும் என்று தெரிந்துவிட்டது. 'இனி என்ன, தோற்றாயிற்று' என்று கொப்பியை மூடிவிட மனம் சொன்னது. பலருடைய சிக்கனம் முடிந்துபோவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். ஆனால் எதிர்பாராத செலவு ஒரு தோல்வியல்ல. அதற்கென்று முன்கூட்டியே ஒரு பங்கை ஒதுக்காததுதான் தவறு. அதை எழுதிக்கொண்டு தொடர்ந்தேன்.

அந்த நாட்களில்தான் ஒரு மாலை கடையில் இருந்தேன். தோட்டத்திலிருந்து வழக்கமாக வரும் ஓர் அக்கா, பருப்பு கால் கிலோ போதுமா அரைக் கிலோ வேண்டுமா என்று நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார். நான் எழுதிக்கொண்டிருப்பது என்னவென்று கேட்டார். பெருமையோடு விளக்கினேன். அவர் சிரித்துவிட்டு, "எங்களுக்குப் பன்னெண்டு மாசமும் அந்த மாசந்தான் புள்ள" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது 2021 இல். மேலே சொன்ன விலையேற்றம் வந்தது அதற்கு அடுத்த வருடம். 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவானது. சுருக்குவதற்கு இடமே இல்லாதவர்களிடம் சிக்கனத்தைப் போதிப்பது அறிவுரையல்ல, அவமரியாதை. செலவைக் குறைத்துப் பார்க்கும் மாதம், குறைக்க ஏதாவது இருப்பவர்களுக்கே உரியது. எனக்கு இருந்தது. 7,460 ரூபா அதற்குச் சாட்சி.

இன்னொன்றும் அன்று நினைவுக்கு வந்தது. மலையகத்தில் ஒரு காலத்தில் 'துண்டு' முறை இருந்தது. ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவர் பட்டிருக்கும் கடன் தொகை எழுதப்பட்ட துண்டு தேவை. அந்தக் கடனைக் கட்டினால்தான் அவருக்கு விடுதலை. 1921 இல் சட்டத்தின் மூலம் அம்முறை ஒழிக்கப்பட்டது. தன் கணக்கைப் பிறர் எழுத, அதை வாசிக்கவும் முடியாமல் வாழ்ந்த மக்களின் மண் இது. நம் கணக்கை நாமே எழுத ஒரு கொப்பியும் பேனாவும் போதும் என்ற நிலை எவ்வளவு பெரியது என்று அப்போது தோன்றியது.

மாதம் முடிந்தது ஒக்டோபர் 31 ஆம் திகதி. அது உலகச் சிக்கன தினமும் கூட. 1924 இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய சேமிப்பு வங்கிகளின் மாநாட்டில் உருவான தினம் அது. கணக்கைக் கூட்டினேன். தனியார் பஸ் 320, சிற்றுண்டி 560, ரீலோட் 700, எழுதுபொருள் 980, குடை 1,450. மொத்தம் 4,010 ரூபா. எல்லையைத் தாண்டிவிட்டேன். ஆனாலும் செப்டெம்பரை விட 3,450 ரூபா குறைவு. கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்த பதினொரு பொருள்களில், மாத முடிவில் எனக்கு இன்னும் வேண்டியிருந்தவை மூன்றுதான்.

சந்தோஷத்தோடு உம்மாவிடம் கொப்பியைக் காட்டினேன். உம்மா பார்த்துவிட்டு, "ரொட்டிக் காசு எங்கே?" என்று கேட்டார்.

அப்போதுதான் உறைத்தது. சிற்றுண்டியை நிறுத்திய நாளிலிருந்து வீட்டிலிருந்து ரொட்டி கொண்டுபோனேன். மாவும் தேங்காயும் வீட்டுக் காசு. இருவருமாகக் கணக்குப் பார்த்தோம். ஏறத்தாழ 900 ரூபா. ஆக, உண்மையான மிச்சம் 2,550 ரூபா. அதோடு முடியவில்லை. அந்த ரொட்டியைச் சுட்டுத் தந்தது ராத்தா. என் பஸ்ஸுக்காக ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் முந்தி எழும்பியிருக்கிறார். யாருடைய படிப்பு நின்றதை நினைத்து இந்த மாதத்தை ஆரம்பித்தேனோ, அவருடைய தூக்கத்திலிருந்தே நான் மிச்சம் பிடித்திருக்கிறேன். அது கொப்பியில் எந்த வரியிலும் இல்லை.

சகோதரிகளே, செலவைக் குறைத்துப் பார்க்க விரும்பினால் என் அனுபவத்திலிருந்து இதைத்தான் சொல்வேன். முதல் மாதம் எழுதுங்கள். இரண்டாம் மாதம் குறையுங்கள். எதிர்பாராததற்கு ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு எல்லையை வையுங்கள். மாதம் முடிந்த மறுநாளே கடைக்கு ஓடினால் அது சேமிப்பல்ல, ஒத்திப்போட்ட செலவு. மிஞ்சிய காசை மேசை லாச்சியில் வைக்காமல் ஒரு சேமிப்புக் கணக்கில் போடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கொப்பியில் ஒரு வரியைக் கூட்டுங்கள்: 'இதை எனக்காக யார் தாங்கினார்கள்?' அந்த வரி வெறுமையாக இருந்தால்தான் மிச்சம் முழுதாக உங்களுடையது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டின் வரவையும் செலவையும் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். 2022 இல் வாப்பா எங்களிடம் சொல்லியிருந்தால், அந்த 3,000 ரூபாவில் ஒரு பகுதியையாவது நானே விட்டுக்கொடுத்திருப்பேன். எங்களைக் கவலைப்படுத்தக் கூடாது என்று அவர் நினைத்தார். தெரியாமல் செலவழித்தோமே என்ற கவலை அதைவிடப் பாரமானது.

நவம்பர் மாதமும் கொப்பி தொடர்ந்தது. 2,550 ரூபாவையும் வங்கியில் போட்டு, பக்கத்தின் மேலே 'ராத்தாவின் வகுப்பு' என்று எழுதினேன். அன்றைய கட்டணத்துக்கே அது 450 ரூபா குறைவு. இன்றைய கட்டணம் இன்னும் அதிகம். ராத்தா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை நான்தான் எழும்பி ரொட்டி சுட்டேன். ஒரு பக்கம் கருகிவிட்டது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.