விழுந்து முளைக்கும் பல்

"விழுந்து முளைக்கிற பல்தானே, ஐயா!" கன்னம் வீங்கிய மாணவனுடன் வந்த தாய்மார் பலர் என்னிடம் இவ்வாறு கூறியதுண்டு. நேயர்களே, பால் பற்களின் கரு, தாய் வயிற்றில் 6ஆம் வாரத்திலேயே தோன்றத் தொடங்கிவிடுகிறது. அவற்றுள் கடைவாய்ப் பற்கள் 10, 12 வயதுவரை உழைக்க வேண்டியவை. முன்னதாகவே சொத்தையாகி அகன்றால், பக்கத்துப் பல் சாய்ந்து அவ்விடத்தை அடைத்துக்கொள்ளும். அடியில் வளரும் நிலைப்பல் கோணலாக முளைக்க நேரும்.

சர்க்கரை கலந்த பாற்புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கும் குழந்தைக்கு மேல்வரிசை முன்பற்களே முதலில் கெடும். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவு. தங்கிய இனிப்பை நுண்ணுயிர்கள் அமிலமாக்கிவிடுகின்றன.

ஏறக்குறைய 6 வயதில், எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அதனையும் பால் பல்லென்றெண்ணிக் கைவிடுவோர் பலர். அதுவோ நிலைப்பல், போனால் மீண்டும் முளையாது.