கடலோரக் கிணறு உவர்ப்பது ஏன்?

வேதாரண்யம் போன்ற கடைமடைக் கடலோரங்களில், நல்ல நீர் தந்த கிணறு நாளடைவில் உவர்த்துப் போவதுண்டு. கடல் நீரின் கனமே இதற்குக் காரணம்.

1,000 லிட்டர் நல்ல நீரின் எடை 1,000 கிலோ. உப்பு கரைந்த கடல் நீரோ சுமார் 1,025 கிலோ. ஆகவே மணற்பாங்கான கடலோர நிலத்தடியில் கடல் நீர் கீழே தங்க, மழையில் ஊறிய நல்ல நீர் அதன்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல நீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல நீர் இருக்கும். அந்த 1 அடியை இறைத்துக் குறைத்துவிட்டால், உவர் நீர் நாளடைவில் 40 அடி மேலேறிவிடும்.

எனவே கிணறு உவர்த்தால் மேலும் ஆழப்படுத்தக் கூடாது. ஆழம் குறைந்த கிணற்றில் இடைவெளி விட்டு இறைக்கவும். மழை நீரைக் குளம், குட்டைகளில் தேக்கவும். இளம் நாற்றும் பூக்கும் பயிரும் உப்பைத் தாங்கா. நீரைப் பரிசோதித்த பின்னரே பாய்ச்சவும்.