இணையம் நின்றாலும் இயங்கும் ஸ்மார்ட் பல்பு: திறந்த மூல ஃபர்ம்வேர் என்ன செய்கிறது?

ஸ்ரீ விஜயபுரம்: அந்தமான் தீவில் உள்ள ஒரு வீட்டின் வரவேற்பறையில் அமர்ந்து, கைபேசிச் செயலி மூலம் அதே அறையின் ஸ்மார்ட் பல்பை அணைக்கும்போது, அந்தக் கட்டளை பெரும்பாலும் நேராகப் பல்புக்குச் செல்வதில்லை. ரவுட்டர் வழியாக வெளியேறி, கடலைக் கடந்து, பெருநிலத்திலோ வெளிநாட்டிலோ உள்ள தயாரிப்பு நிறுவனத்தின் சேவையகத்தை அடைந்து, அங்கிருந்து திரும்பி வந்த பிறகே பல்பு அணைகிறது. இந்தச் சங்கிலியில் ஏதேனும் ஒரு கண்ணி அறுந்தால், 'ஸ்மார்ட்' என்ற அடைமொழிக்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய விளக்கு, சுவர் சுவிட்சை மட்டுமே நம்பியிருக்கும் சாதாரண விளக்காகிவிடுகிறது.

இதற்கு மாற்றாக, மலிவு விலை ஸ்மார்ட் பல்புகளில் நிறுவனம் பதிந்து அனுப்பும் ஃபர்ம்வேரை நீக்கிவிட்டு, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல ஃபர்ம்வேரை நிறுவும் வழக்கம் உலகெங்கும் மின்னணு ஆர்வலர்களிடையே பரவியுள்ளது. இது எவ்வாறு செயல்படுகிறது, தீவுகளில் வசிப்போருக்கு ஏன் பொருத்தமானது, இதில் உள்ள ஆபத்துகள் என்ன என்பதை விரிவாகக் காணலாம்.

தீவுகளின் இணைய வசதி

அந்தமான் நிக்கோபார் தீவுகள் நீண்ட காலம் செயற்கைக்கோள் வழி இணையத்தையே நம்பியிருந்தன. சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடி இழை கேபிள் திட்டத்துக்கு 2018 டிசம்பர் 30 அன்று அடிக்கல் நாட்டிய பிரதமர் நரேந்திர மோடி, 2020 ஆகஸ்ட் 10 அன்று அதனைத் தொடங்கி வைத்தார். சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம் கொண்ட இந்தக் கேபிள், தற்போது ஸ்ரீ விஜயபுரம் என்று அழைக்கப்படும் போர்ட் பிளேரையும், ஸ்வராஜ் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் தீவு, ரங்கத் ஆகிய பகுதிகளையும் இணைக்கிறது. சுமார் 1,224 கோடி ரூபாய் செலவிலான இத்திட்டத்தை பி.எஸ்.என்.எல். நிறுவனம் செயல்படுத்தியது.

கேபிள் வந்த பிறகு இணைய வேகம் பெருமளவு உயர்ந்தது. எனினும், கடலடியில் செல்லும் எந்தக் கேபிளும் பழுதுக்கு அப்பாற்பட்டதல்ல. மின்சாரத்தைப் பொறுத்தவரை, தீவுகளுக்குப் பெருநிலத்தின் மின்தொகுப்புடன் இணைப்பு இல்லை. டீசல் மின்னாக்கிகளே முக்கிய ஆதாரமாக உள்ளன. தெற்கு அந்தமானில் நெய்வேலி என்.எல்.சி. இந்தியா நிறுவனம் அமைத்த 20 மெகாவாட் சூரிய மின் நிலையமும், வடக்கு அந்தமானின் 5.25 மெகாவாட் கல்பாங் நீர்மின் நிலையமும் அதற்குத் துணை நிற்கின்றன. வீட்டுக்குள்ளேயே முடிய வேண்டிய ஒரு வேலைக்கு வெளி இணையத்தைச் சார்ந்திருப்பது சரியா என்ற கேள்வி இங்கு கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

பல்புக்குள் என்ன இருக்கிறது?

சாதாரண எல்.இ.டி. பல்பில் 230 வோல்ட் மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் சுற்றும், எல்.இ.டி. தகடும் மட்டுமே இருக்கும். ஸ்மார்ட் பல்பில் இவற்றுடன் வைஃபை வசதி கொண்ட ஒரு சிறிய கணினிச் சில்லு சேர்க்கப்பட்டிருக்கும். அந்தச் சில்லு எல்.இ.டி.களை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைத்து எரியவிட்டு ஒளியின் அளவை மாற்றுகிறது. சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை ஆகிய எல்.இ.டி.களைத் தனித்தனியே இவ்வாறு இயக்குவதால் வண்ணங்கள் உருவாகின்றன.

ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரசிஃப் நிறுவனம் 2014-ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய 'இ.எஸ்.பி.8266' என்ற மலிவு விலைச் சில்லுதான் இத்தகைய பல்புகள் பெருகுவதற்கு முக்கியக் காரணம். சில்லுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கற்றுக்கொடுக்கும் மென்பொருளே ஃபர்ம்வேர். பல பல்புத் தயாரிப்பாளர்கள் இதனைத் தாங்களே எழுதுவதில்லை. சீனாவின் ஹாங்ஜோ நகரில் 2014-இல் தொடங்கப்பட்ட துயா போன்ற நிறுவனங்களிடமிருந்து ஃபர்ம்வேர், செயலி, சேவையகம் ஆகிய மூன்றையும் ஒரே தொகுப்பாகப் பெறுகின்றனர். வெவ்வேறு பெயர்களில் விற்கப்படும் பல பல்புகளின் உட்பகுதி ஒன்றுபோல் இருப்பதற்கு இதுவே காரணம்.

ஒரே வைஃபையில் இருக்கும்போது இவற்றில் சில பல்புகள், இணையம் இல்லாமலும் செயலியின் அடிப்படைக் கட்டளைகளுக்குக் கட்டுப்படும். ஆனால் புதிய பல்பை இணைத்தல், குரல் கட்டளை உள்ளிட்ட வசதிகளுக்குச் சேவையகம் தேவைப்படும்.

சேவையகம் மூடப்பட்டால்?

அமெரிக்காவில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் வீட்டுச் சாதன நிறுவனத்தின் சேவையகங்கள் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பின்றி நின்றன. சாதனங்கள் பழுதின்றி இருந்தும், செயலி வழியாக அவற்றை இயக்க முடியாமல் வாடிக்கையாளர்கள் தவித்தனர். பின்னர் வாடிக்கையாளர்களில் சிலரே அந்நிறுவனத்தை வாங்கி, சேவையை மீட்டெடுத்தனர்.

சென்னையிலிருந்து சுமார் 1,190 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அந்தமானுக்குக் கப்பலில் செல்ல ஏறத்தாழ 60 மணி நேரம் ஆகிறது. பெரும்பாலான நுகர்பொருட்கள் கடல் வழியாகவே வருகின்றன. நல்ல நிலையில் உள்ள ஒரு பொருள், சேவையகம் மூடப்பட்ட ஒரே காரணத்தால் குப்பையாவது அங்கு பெரிய இழப்பு.

திறந்த மூல ஃபர்ம்வேர்கள்

இத்துறையில் பரவலாகப் பயன்படுபவை 'டாஸ்மோட்டா', 'இ.எஸ்.பி.ஹோம்' ஆகிய இரண்டாகும். நெதர்லாந்தைச் சேர்ந்த தியோ ஆரண்ட்ஸ் தொடங்கிய டாஸ்மோட்டாவின் மூல நிரல் பொதுவெளியில் உள்ளது. அதனை யாரும் படிக்கலாம், திருத்தலாம். ஆட்டோ வின்டர் தொடங்கிய இ.எஸ்.பி.ஹோம், 'ஹோம் அசிஸ்டன்ட்' என்ற திறந்த மூல வீட்டுக் கட்டுப்பாட்டு மென்பொருளுடன் இணைந்து செயல்படுகிறது.

டாஸ்மோட்டா நிறுவப்பட்ட பல்பு, தனக்கென ஒரு சிறிய இணையப் பக்கத்தை வைத்திருக்கும். வீட்டு வைஃபையில் உள்ள எந்தக் கைபேசியின் பிரவுசரிலும் அந்தப் பக்கத்தைத் திறந்து விளக்கை இயக்கலாம். தனிச் செயலியோ, கணக்கோ, வெளி இணையமோ தேவையில்லை.

பல விளக்குகளை ஒருங்கே இயக்க 'எம்.கியூ.டி.டி.' என்ற தகவல் பரிமாற்ற நெறிமுறை பயன்படுகிறது. எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காக 1999-ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட நெறிமுறை இது. குறைந்த அலைவரிசையிலும் தடையின்றி இயங்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை நோக்கமாக இருந்தது.

நிறுவுவது எப்படி?

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, பல்பைத் திறக்காமல் வைஃபை வழியாக நிறுவுவது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 2018 டிசம்பரில் நடைபெற்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில், துயா வகைச் சாதனங்களின் பாதுகாப்புக் குறைபாடுகள் விளக்கப்பட்டன. அதனைத் தொடர்ந்து 'துயா கன்வர்ட்' என்ற கருவி வெளியானது. ஒரு கணினி, தன்னையே நிறுவனத்தின் சேவையகம்போல் காட்டிக்கொண்டு, பல்புக்குப் புதிய ஃபர்ம்வேரை அனுப்புவதே இதன் செயல்முறை. பிற்காலத்தில் வெளியான பல்புகளில் இந்த ஓட்டை அடைக்கப்பட்டுவிட்டது.

இரண்டாவது வழி, பல்பைத் திறந்து கம்பி இணைப்பு மூலம் நிறுவுவது. யூ.எஸ்.பி. சீரியல் மாற்றி ஒன்றைச் சில்லின் மின்னூட்டம், தரை, அனுப்பும் முனை, பெறும் முனை ஆகியவற்றுடன் இணைக்க வேண்டும். இ.எஸ்.பி.8266 சில்லில் 'ஜி.பி.ஐ.ஓ. 0' என்ற முனையைத் தரையுடன் இணைத்தபடி மின்னூட்டம் கொடுத்தால், அது புதிய நிரலைப் பெறும் நிலைக்கு மாறும். மாற்றியின் அளவு 3.3 வோல்ட்டாக இருக்க வேண்டும். 5 வோல்ட் கொடுத்தால் சில்லு எரிந்துபோகலாம். பழைய ஃபர்ம்வேரின் நகலை முதலில் கணினியில் சேமித்துக்கொள்வது நல்லது.

வாங்குவதற்கு முன் சில்லின் வகையை அறிவது மிக முக்கியம். சமீப ஆண்டுகளில் வெளியான பல மலிவு பல்புகளில் இ.எஸ்.பி. சில்லுக்குப் பதிலாக 'பி.கே.7231' வகைச் சில்லுகள் உள்ளன. அவற்றில் டாஸ்மோட்டா இயங்காது. 'ஓபன்பெக்கன்' என்ற ஃபர்ம்வேரையோ, 'லிப்ரெடைனி' துணையுடன் இ.எஸ்.பி.ஹோமையோ நிறுவலாம். ஒரே பெயரில், ஒரே அட்டைப்பெட்டியில் விற்கப்படும் பல்பிலும் சில்லு சொல்லாமல் மாற்றப்படுவது உண்டு.

உயிருக்கு ஆபத்து

இங்கு மிகுந்த எச்சரிக்கை தேவை. பல ஸ்மார்ட் பல்புகளின் உட்சுற்று, வீட்டு மின்சாரத்திலிருந்து முழுமையாகப் பிரிக்கப்பட்டிருப்பதில்லை. 3.3 வோல்ட் என்று குறிக்கப்பட்ட முனையைத் தொட்டாலும் 230 வோல்ட் தாக்கக்கூடும். கம்பி இணைப்பு இருக்கும் நேரத்தில் பல்பை ஹோல்டரில் பொருத்தவே கூடாது. அவ்வாறு செய்தால் கணினி எரிவதுடன், அதனைத் தொடுபவரின் உயிருக்கும் ஆபத்து ஏற்படலாம்.

பசையால் ஒட்டப்பட்ட மூடியைப் பிரித்த பல்பு பழைய பாதுகாப்புடன் இருக்காது. கடற்காற்றில் உப்பும் ஈரமும் மிகுந்த தீவுகளில், சரியாக மூடப்படாத பல்பின் உட்பகுதி விரைவில் அரிக்கப்படும். எல்.இ.டி. பல்புகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு உள்ளது. பிரித்து மாற்றப்பட்ட பல்புக்கு அந்தப் பதிவு உத்தரவாதமாகாது. நிறுவனத்தின் வாரண்டியும் அத்துடன் முடிந்துவிடும்.

தவறான அமைப்பு கொடுக்கப்பட்டாலும் சிக்கல்தான். வண்ண எல்.இ.டி.களும் வெள்ளை எல்.இ.டி.களும் ஒரே நேரத்தில் முழு அளவில் எரியும் வகையில் சில பல்புகள் வடிவமைக்கப்படவில்லை. அவற்றை அவ்வாறு எரியவிட்டால் அளவுக்கு மீறி வெப்பமாகும்.

தீவுகளுக்கான அமைப்புகள்

டாஸ்மோட்டாவை நிறுவியவுடன் மாற்ற வேண்டிய சில அமைப்புகள் உள்ளன. அதன் இயல்பான இருப்பிடம் பாரீஸ் நகரமாகும். சூரிய உதயம், மறைவுக்கு ஏற்ப விளக்கு இயங்க வேண்டுமெனில், நேர மண்டலத்தை +05:30 என்றும், அட்சரேகை, தீர்க்கரேகையை உள்ளூருக்கு ஏற்பவும் மாற்ற வேண்டும். ஸ்ரீ விஜயபுரம் சுமார் 11.6 டிகிரி வடக்கிலும், 92.7 டிகிரி கிழக்கிலும் உள்ளது. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது என்பதால், தீவுகளில் சூரியன் கடிகாரக் கணக்கைவிட ஏறத்தாழ 40 நிமிடங்கள் முந்திச் செல்கிறது. டிசம்பரில் மாலை 5 மணியளவிலேயே இருட்டிவிடும்.

பல்புக்குள் கடிகார பேட்டரி கிடையாது. மின்சாரம் போய் வந்ததும், சரியான நேரத்தை அது இணையத்திலிருந்தே பெறுகிறது. அப்போது இணையமும் இல்லையெனில் நேர அட்டவணைப்படி விளக்கு இயங்காது. வீட்டுக்குள்ளேயே ஒரு சிறு கணினியை நேரச் சேவையகமாக அமைப்பது இதற்குத் தீர்வாகும்.

மின்வெட்டு தொடர்பாக மற்றொரு அமைப்பும் உண்டு. டாஸ்மோட்டா பல்புக்கு 6 முறை விரைவாக மின்சாரம் தடைபட்டு, 7-ஆவது முறை தொடர்ந்து கிடைத்தால், எல்லா அமைப்புகளும் அழிந்து தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். கடவுச்சொல்லை மறந்தவர்களுக்கான வசதி இது. மின்சாரம் விட்டுவிட்டு வரும் இடங்களில் இதுவே தொல்லையாகலாம். 'செட்ஆப்ஷன்65' என்ற கட்டளையை 1 என மாற்றினால் இந்த வசதி நிறுத்தப்படும்.

பாதுகாப்பும் சிக்கனமும்

திறந்த மூலம் என்பதாலேயே பாதுகாப்பு தானாக வந்துவிடாது. பல்பின் இணையப் பக்கத்துக்குக் கடவுச்சொல் இட வேண்டும். ஃபர்ம்வேரின் புதிய பதிப்புகளைப் பயனாளரே கவனித்து நிறுவ வேண்டும். பல்பின் நினைவகத்தில் வைஃபை கடவுச்சொல் பதிந்திருக்கும் என்பதால், தூக்கி எறிவதற்கு முன் அதனை அழிப்பது அவசியம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் கீழ் இயங்கும் தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் 2021-இல் வெளியிட்ட நடைமுறை விதித்தொகுப்பு, எல்லாச் சாதனங்களுக்கும் ஒரே கடவுச்சொல் கூடாது, மென்பொருளைப் புதுப்பித்து வர வேண்டும் என்பன போன்றவற்றை வலியுறுத்துகிறது.

ஃபர்ம்வேரை மாற்றுவதால் மின் கட்டணமும் குறைந்துவிடாது. செயலியில் அணைக்கப்பட்ட நிலையிலும் வைஃபை தொடர்பில் இருப்பதற்காக ஸ்மார்ட் பல்பு சிறிதளவு மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். அது அரை வாட் என்று கொண்டாலும், ஒரு பல்புக்கு ஆண்டுக்குச் சுமார் 4.4 யூனிட் ஆகும். பயன்படாத இடங்களில் சுவர் சுவிட்சை அணைப்பதே சிக்கனம்.

யாருக்கு ஏற்றது?

சாலிடரிங் பழக்கமும், மின்சாரத்தைக் கையாளும் பயிற்சியும் உள்ளவர்களுக்கே பல்பைத் திறக்கும் வழி பொருந்தும். மற்றவர்களுக்கு வேறு வழிகள் உள்ளன. ஃபர்ம்வேரை மாற்றாமலேயே, துயா வகைச் சாதனங்களை வீட்டுக்குள் இயக்கும் துணை நிரல்கள் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளுக்குக் கிடைக்கின்றன. 2022 அக்டோபரில் வெளியான 'மேட்டர்' என்ற பொதுத் தரநிலைக்கு ஏற்ற பல்புகளை, இணையமின்றியே வீட்டு வலைப்பின்னலில் இயக்க முடியும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'இணையம் இல்லாதபோது இந்தப் பல்பு என்ன செய்யும்?' அதற்குத் தெளிவான பதில் கிடைக்காத பல்பைவிட, சுவர் சுவிட்சில் இயங்கும் சாதாரண எல்.இ.டி. பல்பே தீவு வீட்டுக்கு நம்பகமானது.