மூன்று நாளைக்கு எந்தத் தீவு?

கானாடுகாத்தானின் நாட்டுக்கோட்டை நகரத்தார் வீடுகளில் பர்மாத் தேக்கு தூணாக நிற்கிறது, இத்தாலியப் பளிங்கு தரையாகக் கிடக்கிறது. அவற்றை வாங்குவதற்கான பொருளைத் தேடி 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் இவ்வூரார் இலங்கைக்கும் பர்மாவுக்கும் பினாங்குக்கும் கப்பலேறினர். நகரத்தார் வழக்கில் இதற்குக் 'கொண்டுவிக்கப் போதல்' என்று பெயர். பல வட்டிக்கடைகள் ஒரே நீண்ட கூடத்தில் அடுத்தடுத்து நடந்த கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து மேலாளாக உயர்ந்தவர், ஒரு தவணைக்கு மூன்றாண்டு போல அங்கேயே தங்கியதால், எந்த மாதத்தில் போய் இறங்குகிறோம் என்பதைப் பெரிதாக எண்ண வேண்டியிருந்ததில்லை. அதே ஊரிலிருந்து இன்று மூன்று நான்கு நாள் விடுப்பில் புறப்படும் குடும்பத்துக்கோ மாதம்தான் முதற்கேள்வி. எந்தக் கடற்கரை படத்தில் அழகாயிருக்கிறது என்பது அதற்குப் பின்னால் வர வேண்டியது.

கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட பரப்பில் அமைந்தவையே வெப்பமண்டலத் தீவுகள். நாம் செல்லக்கூடிய இத்தகைய தீவுகளில் குளிர்காலம் என ஒன்று இராது. ஆண்டைப் பகுப்பவை காற்றும் மழையுமே. ஏறத்தாழ ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, அதாவது கரையோரத்தார் சொல்லும் கச்சான், இலங்கையின் தென்மேற்குப் பகுதியையும் அந்தமானையும் நனைத்துவிட்டு, இலங்கையின் வடக்கையும் கிழக்கையும் பெரும்பாலும் உலர்ந்தபடியே விட்டுவிடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குக் காற்றான வாடை, தமிழகக் கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சேர்த்தே மழை கொண்டுவருகிறது. ஆகவே இலங்கைக்கு எப்போது போகலாம் என்று கேட்பவர், இலங்கையில் எங்கே என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

காலத்துக்கு அடுத்த கணக்கு, தீவில் உண்மையில் கிடைக்கும் பகற்பொழுது. இந்தக் கணக்கில் செட்டிநாட்டாருக்கு யாழ்ப்பாணம் முந்திநிற்கிறது. 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிச் சில நாட்களிலேயே நின்றுபோன நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கும் இடையிலான பயணக் கப்பல் சேவை 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியபோது, அதற்கென விடப்பட்ட கப்பலின் பெயர் 'சிவகங்கை'. கானாடுகாத்தான் உள்ள சிவகங்கை மாவட்டத்தாருக்கு இதைவிட நேரான அழைப்பு வேறு வேண்டியதில்லை. ஏறத்தாழ 60 கடல் மைல் தொலைவை (ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்) அது நான்கு மணி நேரம் போலக் கடக்கிறது. ஆனால் வாடைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் சேவை நிறுத்தப்படும் என்பதால், பிப்ரவரிக்கும் செப்டம்பருக்கும் இடையில் பயணத்தை வைத்துக்கொள்வதே அறிவுடைமை. ஆடி அமாவாசைக்குப் பின் 25 நாள் நடக்கும் நல்லூர்க் கந்தன் திருவிழாவும் அந்தக் காலத்துக்குள்தான் வருகிறது. ஒரு பகல் மிஞ்சினால் குறிகட்டுவான் துறையில் படகேறி நெடுந்தீவுக்குப் போகலாம். அங்கே தோட்ட வேலிகள் முள்ளாலோ கம்பியாலோ ஆனவை அல்ல. பவளக்கற்களைச் சாந்து பூசாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பியவை. அவற்றுக்கு அப்பால் திறந்த புல்வெளியில், போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் மட்டக்குதிரைகள் கட்டற்று மேய்கின்றன.

பினாங்கு வேறு கணக்கு. சென்னையிலிருந்து 2024 டிசம்பரில் நேரடி விமானம் தொடங்கியது என்றாலும், கானாடுகாத்தானிலிருந்து சென்னைக்கே ஓர் இரவு போய்விடும். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாகப் போனாலும் பயணத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள். ஐந்து நாளுக்குக் குறைந்தால் அங்கே போவது வீண். போவதானால் ஜனவரி, பிப்ரவரி மாதங்களே ஏற்றவை. அங்கே மழை மிகக் குறைந்த அக்காலத்திலேயே தைப்பூசமும் வருகிறது. காரைக்குடியில் செய்யப்பட்டு 1894-இல் கப்பலேறிப் போன வெள்ளித் தேர், பினாங்குத் தெருவிலுள்ள கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலையிலுள்ள நகரத்தார் கோவிலுக்குப் புறப்பட, வழியெங்கும் சிதறுகாய் உடைபடுகிறது. கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த வாரத்தை மட்டும் தவிர்த்துவிடலாம்.

அந்தமானுக்குச் சென்னை போய் விமானம் மாற, போக ஒன்றும் வர ஒன்றுமாக இரண்டு நாள் கழியும். குறும்பயணத்துக்கு அது ஒத்துவராது. இராமேசுவரத்தையோ பலர் தீவு என்று எண்ணுவதே இல்லை, கோவில் என்றுதான் எண்ணுகிறார்கள். 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்துக்கு மாற்றாக, கப்பல் வரும்போது நடுப்பகுதி செங்குத்தாக உயரும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியைக் கடந்து அரிச்சல்முனை வரை சாலை செல்கிறது. சாலைவழி மூன்று மணி நேரத் தொலைவில் இருப்பதால், இரண்டே நாள் உள்ளவருக்கு ஜனவரி முதல் செப்டம்பர் வரை இதுவே போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் இவற்றில் எதையும் நம்பிப் பணம் கட்டிவிடக் கூடாது. அந்த மாதங்களில் மழை கானாடுகாத்தான் வளவு முற்றங்களுக்கே நேராக வந்து இறங்குகிறது.